மலசலகூடத்து மணம்: எங்கிருந்து வருகிறது, எப்படி நிறுத்துவது

காணி உறுதி, வீட்டுத்திட்டம், பிள்ளைகளின் பாடசாலை எல்லாம் கேட்டு முடித்து, நாங்கள் எழும்பி வெளிக்கிடும் நேரத்தில்தான் பலர் இதைக் கேட்கிறார்கள். "கக்கூசுக்குள்ள நிக்க ஏலாமல் மணக்குது, என்ன செய்யிறது?" வெட்கப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி இது. மணம் தாங்காத மலசலகூடத்தை முதலில் சின்னப் பிள்ளைகள் கைவிடுவார்கள். பிறகு பெரியவர்களும் பற்றைப் பக்கம் போகத் தொடங்குவார்கள். பல வருடம் ஆள் நடமாட்டம் இல்லாத பற்றைக்குள் பாம்பு இருக்கலாம். கண்ணிவெடி அகற்றி உறுதிப்படுத்தப்படாத துண்டாகவும் அது இருக்கலாம். பெண்பிள்ளைகள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருப்பதையும், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் விடுவதையும் நாங்கள் வீடுகளில் கண்டிருக்கிறோம். ஆகவே வீடு திருத்தும் வேலைகளில் இதைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலும் பெரிய செலவும் இல்லை.

மூடியைத் திறக்க முன்

நீங்கள் விட்டுப்போன பழைய மலசலகூடம் இன்னும் நிற்கிறது என்றால், அவசரப்பட்டு அதன் குழியைத் திறக்காதீர்கள். கைவிடப்பட்ட கிணறுகளுக்குள்ளும் குழிகளுக்குள்ளும் பழைய பங்கர்களுக்குள்ளும் வெடிபொருட்கள் கிடந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். புதுக்குழி வெட்டுவதாக இருந்தாலும் இதே கேள்விதான். சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடவேண்டாம். வந்த வழியாலேயே திரும்பி வந்து, 119 இலக்கத்துக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

அடுத்தது குழியின் மூடி. சீமெந்து மூடி மேலே நல்லதாகத் தெரியும். உள்ளே இருக்கும் கம்பி கறள் பிடித்து உக்கிப் போயிருக்கும். அதன்மேல் ஏறி நிற்கவேண்டாம், பிள்ளைகளை அண்டவிடவும் வேண்டாம். உள்ளே பார்க்க நெருப்புக்குச்சி, விளக்கு, சுருட்டு எதுவும் கூடாது. குழிக்குள் ஊறும் வாயுவில் மெதேன் இருக்கிறது, அது தீப்பிடிக்கும். தள்ளி நின்று டோர்ச் லைட் அடித்துப் பாருங்கள்.

முதலில் ஒரு வாளி தண்ணீர்

தண்ணீர் ஊற்றிப் பாவிக்கும் மலசலகூடத்தில், குந்தும் கோப்பைக்கு அடியில் வளைந்த கழுத்து ஒன்று இருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சத் தண்ணீர் தேங்கி நிற்கும். இரண்டு விரல் அகலம் அளவுதான். ஆனால் குழியின் வாயு மேலே வராமல் மறிப்பது அந்தத் தண்ணீர்தான். இதை நாங்கள் 'தண்ணீர்ப் பூட்டு' என்று சொல்கிறோம். கொமட்டுக்கும் கழுவும் தொட்டிக்கும்கூட இந்தப் பூட்டு இருக்கிறது.

பாவிக்காமல் விட்டால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். கோடையில் சில கிழமைகளே போதும். பூட்டு வற்றியதும் கோப்பை குழியின் திறந்த வாயாக மாறிவிடுகிறது. திரும்பி வந்த வீட்டில் மலசலகூடம் சுத்தமாக இருந்தும் நாறுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, கதவையும் யன்னலையும் திறந்து வையுங்கள். பல வீடுகளில் அன்றைக்கே மணம் அடங்கிவிடும்.

அடங்கவில்லை என்றால் கோப்பைக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டில் நடந்த கதை இது.

"பிள்ளை, ரெண்டு போத்தல் பினாயில் ஊத்திப்போட்டன். ஒரு மணித்தியாலம் நல்லா இருக்கு, பிறகு பழையபடிதான்."

"அம்மா, கோப்பைக்குள்ள தண்ணி நிக்குதோ?"

"தண்ணியோ? ஊத்த ஊத்தப் போயிடும். அது நல்லம்தானே, அடைப்பு இல்லை."

அடைப்பு இல்லைத்தான். ஆனால் கழுத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. தண்ணீர் அதனால் ஒழுகிப் போக, வாயு அதே வழியால் மேலே வந்துகொண்டிருந்தது. கோப்பையை மாற்றிய பிறகு பினாயில் தேவைப்படவில்லை. உங்கள் வீட்டிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரவு எல்லோரும் படுக்கப் போன பிறகு தண்ணீர் ஊற்றி, நீர்மட்டம் நிற்கும் இடத்தைப் பென்சிலால் அடையாளமிடுங்கள். விடிய முதல் ஆள் உள்ளே போகமுன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் கழுத்து ஒழுகுகிறது. செல் விழுந்த அதிர்ச்சியிலும் மரவேர் தள்ளியும் கழுத்து வெடிக்கும். அதற்கு மேல்பூச்சுப் பூசி நாட்களைக் கடத்துவதில் பயனில்லை.

பகலில் வளவு துப்புரவாக்கி, இரவில் உறவினர் வீட்டுக்குத் திரும்பிப் போகும் குடும்பங்கள் பல. சிலர் கிழமைக்கு ஒருநாள்தான் வந்து போகிறார்கள். அப்படியானவர்கள் வீட்டைப் பூட்டமுன் கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் அரைக் கோப்பை சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து நிற்க, தண்ணீர் வற்றுவது குறையும். பொரித்து எஞ்சிய எண்ணெயும் போதும்.

எந்த மணம்?

எல்லா மணமும் ஒன்றல்ல. மூக்கைப் பொத்த முன் ஒரு தடவை கவனியுங்கள்.

அழுகிய முட்டை மணம் என்றால் அது ஐதரசன் சல்பைட்டு. காற்று இல்லாத குழிக்குள் நுண்ணுயிர்கள் மலத்தை உடைக்கும்போது உண்டாவது. அது மேலே வருகிறது என்றால் பூட்டு வற்றியிருக்கிறது, அல்லது குழாய்ப் பொருத்து, மூடியின் விளிம்பு, சுவர் அடி இவற்றில் ஏதோ ஒன்று திறந்திருக்கிறது. கண் எரியும்படியான காரமான மணம் என்றால் அது அமோனியா, சலத்திலிருந்து வருவது. அதற்கும் குழிக்கும் தொடர்பு குறைவு. பூச்சுப் பூசாத கரடான சீமெந்துத் தரை சலத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. எத்தனை தரம் கழுவினாலும் வெயில் ஏற ஏற மணம் கிளம்பும். தரையைக் கோப்பைப் பக்கம் சரிவாக்கி, சீமெந்துப் பால் பூசி மினுக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கோப்பையில் மஞ்சளாகப் படிந்திருப்பதும் சலத்தின் உப்புத்தான். நாலைந்து தேசிக்காய் பிழிந்தோ வினாகிரி ஊற்றியோ இரவு முழுக்க விட்டு, காலையில் தும்பால் உரஞ்சினால் போகும். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: தேசிப்புளி, வினாகிரி, கடையில் வாங்கும் அமிலக் கழுவிகள் எதையும் பிளீச்சிங் பவுடருடன் கலக்கக்கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன மலசலகூடத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கழுவுகிறவருக்கு அது உயிராபத்து.

பினாயில், கிருமிநாசினி பற்றி ஒரு சொல். கிழமைக்கு ஒருநாள் தரை கழுவ அளவாகப் பாவிப்பதில் குற்றமில்லை. போத்தல் போத்தலாகக் குழிக்குள் ஊற்றினால், மலத்தை உடைக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். பிறகு கழிவு அப்படியே தங்கி, குழி வேளைக்கு நிறையும். நுளம்புக்காக மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கமும் இருக்கிறது. அது நிலத்தடி நீருக்கு இறங்கும். வேண்டாம். தயிர், சீனி, ஈஸ்ட், புதுக்குழிக்கு மாட்டுச் சாணம் என்று சொல்லப்படும் கைமருந்துகளாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. வேண்டிய நுண்ணுயிர் மலத்திலேயே இருக்கிறது.

காற்றுக் குழாய்

குழிக்குள் உண்டாகும் வாயு எங்காவது போகத்தான் வேண்டும். அதற்காகத்தான் 4 அங்குலக் குழாய். ஆனால் நாங்கள் பார்த்த வீடுகளில் பல குழாய்கள் யன்னல் உயரத்திலேயே நிற்கின்றன. காசு முடிந்த இடத்தில் குழாயும் முடிந்திருக்கிறது. குழாயின் வாய் கூரையின் உச்சிக்கு மேல் குறைந்தது ஒன்றரை அடி நிற்கவேண்டும். மேலே வீசும் காற்று குழாய்க்குள் இருக்கும் வாயுவை இழுத்துக்கொண்டு போகும். மாமரத்துக் கொப்புகளுக்குள் ஒளிந்து நிற்கும் குழாயில் அந்த இழுவை இல்லை.

"சோழகம் வீசேக்கை மட்டும் குசினிக்குள்ள மணக்குது" என்று சொல்லும் வீடுகளில் குழியில் பிழை இருப்பது குறைவு. குழாய் கட்டை. இன்னொரு துண்டுக் குழாயும் ஒரு பொருத்தும் வாங்கி உயர்த்தினால் போதும்.

குழாயின் வாயில் நுண்ணிய வலை கட்டுங்கள். அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்புக்கு மலக்குழி நல்ல இடம். வலை கட்டினால் நுளம்பும் ஈயும் அந்த வழியால் போய்வர முடியாது. குழியின் வாயு சாதாரணக் கம்பி வலையை அரித்துவிடும். பிளாஸ்ரிக் அல்லது துருப்பிடிக்காத உருக்கு வலை நின்று பிடிக்கும்.

தற்காலிகக் குழி மலசலகூடம்

வீடு கட்டி முடியும்வரை தகரமோ கிடுகோ அடைத்த வெறும் குழியைப் பாவிப்பவர்களுக்குத் தண்ணீர்ப் பூட்டு இல்லை. அங்கே கைகொடுப்பது அடுப்புச் சாம்பல். ஒவ்வொரு தடவையும் ஒரு பேணி சாம்பல் தூவினால் ஈரத்தை உறிஞ்சும், மணத்தை அடக்கும், ஈ முட்டையிடுவதும் குறையும். சாம்பல் காணாவிட்டால் உலர்ந்த மண்ணோ உமியோ சேர்க்கலாம். துவாரத்துக்குக் கைபிடி வைத்த பலகை மூடி செய்துகொள்ளுங்கள். குழிக்குக் காற்றுக் குழாய் பூட்டியிருந்தால் மூடி இறுக்கமாக இருக்கக்கூடாது. காற்று உள்ளே இறங்கினால்தான் குழாயால் மேலே ஏறும். தண்ணீர் ஊற்றும் கோப்பைக்குள் சாம்பல் போடவேண்டாம், கழுத்து அடைத்துக்கொள்ளும்.

மணக்காத ஆபத்து

இனிச் சொல்லப்போவது மூக்குக்குத் தெரியாதது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

"எங்கட குழி கட்டி எத்தினையோ வருசம், ஒருக்காலும் நிறைஞ்சதில்லை, மணமும் இல்லை" என்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெருமையாகச் சொல்வார்கள். நிறையாத குழியின் கழிவு எங்கே போகிறது? குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைய உண்டு. மேலே உள்ள மண்ணும் பல இடங்களில் ஆழம் குறைவு. குழியிலிருந்து இறங்கும் அழுக்குநீர் மண்ணால் வடிக்கப்பட முன்னரே கல்லின் வெடிப்புக்குள் இறங்கி, நிலத்தடி நீரோடு சேர்ந்துவிடும். அதே நீரைத்தான் எங்கள் கிணறுகள் தருகின்றன. அடி திறந்த குழி மணக்காமல் இருப்பதை வைத்துக் கிணறு பத்திரம் என்று எண்ணவேண்டாம்.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. சுண்ணாம்புக்கல் நிலத்தில் அந்த 50 அடியையும் நம்ப முடியாது; வளவு இடம் கொடுக்கும் அளவுக்குத் தள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கணக்கில் எடுங்கள். வேலி இருப்பது மேலேதான், கீழே தண்ணீருக்கு வேலி இல்லை. குழியின் அடிக்கும் மாரிகால நீர்மட்டத்துக்கும் இடையில் ஏறக்குறைய 2 மீற்றர் மண் இருப்பது நல்லது. கோடையில் வெட்டும்போது காய்ந்து கிடக்கும் குழி, கார்த்திகை மழையில் தண்ணீரில் மிதக்கும். நீர்மட்டம் உயர்ந்த இடங்களில் குழியை நிலத்துக்கு மேலே மண்ணேற்றி உயர்த்தலாம். அல்லது அடியும் பக்கமும் சீமெந்தால் மூடிய தொட்டி கட்டி, அதிலிருந்து வடியும் நீரை ஆழமில்லாத படுக்கையில் ஊறவிடலாம். எது உங்கள் காணிக்குப் பொருந்தும் என்பதைக் கட்ட முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய ஏலாது.

திரும்பி வந்ததும் கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டிருப்பீர்கள். அது அன்றைய கிருமிக்கு. பக்கத்துக் குழி ஒழுகிக்கொண்டே இருந்தால் கிருமி திரும்ப வரும். குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஆனால் மலசலத்திலிருந்தும் தோட்டத்துப் பசளையிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று கொதிக்க வைத்தாலும் போகாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கும் தண்ணீரில் நைத்திரேற்று கூடினால், குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்ல முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பயம் இல்லை. புட்டிப்பால் கொடுப்பவர்கள் கிணற்றுநீரைப் பரிசோதிக்க ஒழுங்கு செய்யும்படி குடும்பநல உத்தியோகத்தரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேளுங்கள்.

குழி நிறைந்தால்

தண்ணீர் மெதுவாக இறங்குவதும், கோப்பைக்குள் குமிழி வருவதும், மழை நாளில் மணம் கூடுவதும் குழி நிறைந்து வருவதன் அடையாளங்கள். துப்புரவாக்க ஒருவரையும் உள்ளே இறக்கவேண்டாம். ஐதரசன் சல்பைட்டு செறிவாக இருக்கும்போது மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாது. இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காமல், மேலே நின்றபடி கயிறு போட்டு உதவி கேட்டுக் கத்துங்கள்.

கழிவு உறிஞ்சும் பவுசரைப் பிரதேச சபையில் பதிந்து, உரிய கட்டணம் கட்டி எடுப்பிக்கலாம். பவுசர் பெரிய வாகனம். புதிதாக மதில் கட்டுபவர்கள் படலையை அது நுழையும் அகலத்தில் விடுங்கள், அல்லது குழியை ஒழுங்கைப் பக்கமாக, குழாய் எட்டும் தூரத்தில் வையுங்கள். குழியின் மூடி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மண் மூடமுன் ஒரு தாளில் கீறி, காணி உறுதியோடு வைத்துவிடுங்கள்.