எந்திரத்தின் ஏடு

சென்னை மாநகரின் மேற்கே, பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் அமைந்திருப்பது சென்னீர்குப்பம். 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் தோன்றின. அதுமுதல் இவ்வட்டாரமெங்கும் எந்திரங்களின் ஓசை பெருகலாயிற்று. சிறு பட்டறையாயினும் பெருந்தொழிற்சாலையாயினும், வேலை ஒழுங்காக நடைபெறும் இடத்தில் எந்திரத்தின் அருகே ஒரு பதிவேடு இருக்கும். தொழிலாளர் அதனை 'லாக்புக்' என்பர். எண்ணெய் மாற்றிய நாள், புதிய பேரிங் பொருத்திய நாள், எந்திரம் ஓடிய மணிக்கணக்கு, அழுத்தம், வெப்பம், பழுது பார்த்தவர் கையொப்பம் ஆகியவை அதில் காணப்படும். இன்று சில இடங்களில் தாளுக்கு மாற்றாகக் கணினித்திரை வந்துள்ளது. ஏட்டின் இயல்பு அதனால் மாறிவிடவில்லை.

நோயாளி தன் நோவை வாய்விட்டுச் சொல்வான். எந்திரத்தின் நலிவை எண்களே உரைக்க வேண்டும். கம்ப்ரசர் ஒன்றன் பேரிங்கில் வெப்பம் திங்கட்கிழமை 52 பாகை என்க. அவ்வெண் தனித்து நின்று எதையும் கூறாது. செவ்வாயன்று 54, புதனன்று 59, வியாழனன்று 66 எனப் பதிவாயின், எண்ணெய் வற்றியதோ, குண்டுகள் தேய்ந்தனவோ என்று ஐயுற்று, எந்திரத்தை நிறுத்திப் பார்க்க இடமுண்டு. பாராது விட்டால் வெள்ளியன்று பேரிங் இறுகி அச்சு முறியவும் கூடும். எண்கள் வரிசையாக நிற்பதால் விளையும் பயன் இது. அவ்வரிசையில் ஒன்று பொய்யாயின், மெய்யான மற்றவையும் வலுவிழக்கின்றன.

பொய் எண் ஏட்டில் எவ்வாறு நுழைகிறது? தீய எண்ணத்தால் நுழைவது அரிது. சோம்பலால் நுழைவதே பெரும்பான்மை. "நேற்று 52, இன்றும் 52 ஆகவே இருக்கும்" எனக் கருதி, அளவியைக் காணாமலே எழுதி வைப்பார் ஒருவர். மற்றொருவர் ஒரு வாரத்துக் கட்டங்களையெல்லாம் சனிக்கிழமை மாலை ஒரே அமர்வில் நிரப்பிவிடுவார். கட்டம் வெறுமையாக இருந்தால் கடிந்துகொண்டு, நிரம்பியிருந்தால் ஏறிட்டும் பாராத மேற்பார்வையாளர், இப்பழக்கத்துக்குத் தாமே உரமிடுகிறார். ஒரே எண் நாள்தோறும் திரும்பத் திரும்ப வருமாயின் தேர்ந்த பொறியாளர் ஐயுறுவர்; ஓடும் எந்திரம் அவ்வளவு அமைதியாக இராது.

இவ்விடத்தில் ஏட்டுச்சுவடிகளோடு வாழ்ந்த ஒருவரை நினைத்தல் தகும். 1894-ஆம் ஆண்டு புறநானூற்றை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், சுவடி சிதைந்து எழுத்து மறைந்த இடங்களில் தாமாக ஒரு சொல்லை இட்டு நிரப்பவில்லை. செய்யுள் இயற்ற வல்ல அவருக்கு அது அரிய செயலன்று. ஆயினும் மறைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டினார். 267, 268-ஆம் பாட்டுக்கள் அந்நூலில் இல்லை. அதனாலேயே, உள்ள பாட்டுக்களை ஐயமின்றிப் படிக்கிறோம். அளவு பார்க்க இயலாத நாளில் 'பார்க்கவில்லை' என எழுதிக் காரணமும் குறிக்கும் தொழிலாளி செய்வதும் இதுவே.

ஏடு தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் நின்ற பைப்பர் ஆல்பா என்னும் எண்ணெய் மேடை சான்று. 1988 ஜூலை 6-ஆம் நாள் பகலில், அங்கிருந்த இரு பம்புகளுள் ஒன்றன் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினர். மாலைக்குள் திரும்பப் பொருத்த இயலவில்லை. குழாயின் வாயை ஒரு மூடுதகட்டால் தற்காலிகமாக அடைத்து வைத்தனர். அதே பம்பில் செய்யவேண்டிய வேறொரு பழுதுபார்ப்புக்கும் தனி அனுமதிச்சீட்டு இருந்தது. இரு சீட்டுகளும் ஒன்றையொன்று சுட்டவில்லை, ஓரிடத்தில் வைக்கப்படவுமில்லை. ஷிப்ட் மாறியபோது, வால்வு இல்லை என்னும் செய்தி இரவுப் பணியாளரை எட்டவுமில்லை.

இரவு 10 மணியை நெருங்கும் வேளையில் மற்றப் பம்பு நின்றுவிட்டது. மேடையின் மின்னாற்றலே அற்றுப்போகும் நிலை. பணியாளர் சீட்டுகளைத் தேடினர். பழுதுபார்ப்புச் சீட்டு மட்டுமே கிடைத்தது. அதில் குறித்த வேலை இன்னும் தொடங்கப்படவில்லை. ஆகவே பம்பை இயக்கலாம் எனத் துணிந்தனர். கிடைத்த தாளை அவர்கள் பிழையின்றியே படித்தார்கள் என்பதுதான் நெஞ்சை வருத்துகிறது. மூடுதகட்டின் வழியே வளி கசிந்து, தீப்பற்றி வெடித்தது. 167 பேர் மாண்டனர். கல்லன் பிரபு விசாரித்து 1990-இல் அளித்த அறிக்கை, அனுமதிச்சீட்டு முறையின் தளர்ச்சியையும், ஷிப்ட் மாறும்போது செய்தி கைமாறாமையையும் எடுத்துரைத்தது.

நம் நாட்டிலும் இத்தகைய இரவு ஒன்று உண்டு. 1984 டிசம்பர் 2-ஆம் நாள், போபாலில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையின் 610-ஆம் எண் தொட்டியில், இரவு 10 மணிக்குமேல் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டாக இருந்தது. ஷிப்ட் மாறியபின் 11 மணியளவில் அது 10 பவுண்டாயிற்று. வழக்கமான எல்லைக்குள் அடங்கிய எண்ணாதலால் எவரும் அஞ்சவில்லை. முந்தைய 2-ஐ அருகே வைத்து நோக்கியிருப்பின், ஒரு மணி நேரத்திற்குள் ஐந்து மடங்கானது புலப்பட்டிருக்கும். அங்கிருந்த அளவிகள் பலகாலும் பழுதுற்றமையால், அவற்றை நம்பும் வழக்கமும் குன்றியிருந்தது. தொட்டியில் நீர் புகுந்தமை, குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தமை எனப் பிற காரணங்களும் பல. நள்ளிரவுக்குப் பின் நச்சுவளி ஊரில் பரவிற்று, உயிரிழந்தோர் ஆயிரக்கணக்கினர்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்தூக்கிகளை ஆறு திங்களுக்கு ஒருமுறையேனும், பளுதூக்கும் எந்திரங்களையும் சங்கிலிகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தகுதியுடையார் சோதித்துப் பதிவேடு வைத்தல் வேண்டும் என விதித்தது. எழுதும் முறையையோ தொழில்வல்லார் தம் பட்டறிவால் வகுத்துக்கொண்டனர். பார்த்த அப்பொழுதே மையால் எழுதுவர். பிழை நேர்ந்தால் சுரண்டி அழிப்பதில்லை. பழைய எண் தெரியுமாறு குறுக்கே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, நாளும் பெயர்ச்சுருக்கமும் இடுவர். நல்ல பட்டறைகளில், ஷிப்ட் மாறும்போது ஏட்டை மேசைமேல் போட்டுவிட்டு எவரும் செல்வதில்லை. போகிறவரும் வருகிறவரும் எந்திரத்தின் அருகே நின்று அன்றைய வரிகளை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பர். அதன் பிறகே பகல் ஷிப்ட்டுக்காரர் கை கழுவிக்கொண்டு பேருந்துக்குப் புறப்படுவார்.