மீட்டவரும் மீண்டதும்

1917ஆம் ஆண்டு உருசியப் புரட்சியின்போது, சார் மன்னர் குடும்பத்து மரியா பாவ்லோவ்னாவின் அணிகலன்களைப் பெத்ரோகிராது அரண்மனையிலிருந்து ஆங்கிலேயர் ஒருவர் மீட்டார். அவற்றுள் ஒரு மணிமுடியை 1921இல் இங்கிலாந்து அரசி மேரி விலைக்கு வாங்கினார்.

நம் மண்ணிலும் இத்தகைய மீட்பு நிகழ்ந்ததுண்டு. 1323இல் தில்லிப் படை வந்தபோது, முதுமை எய்திய பிள்ளை உலகாசிரியர் திருவரங்கத்து உலாத் திருமேனியுடன் தெற்கே சென்று, மதுரைக்கு அருகில் உயிர்நீத்தார். பல ஊர்களில் காக்கப்பட்ட திருமேனி 1371இல் திருவரங்கம் மீண்டது. மணிமுடி கைமாறியது, திருமேனியோ உரிய இடத்தையே அடைந்தது.

அச்சத்தால் மண்ணுள் மறைக்கப்பட்டு, மீளாதவையும் உள. அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் உழும்போதோ கண்மாயைத் தூர்வாரும்போதோ புதையல் கிடைப்பின், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி நம் கடமையாகும்.