பால் குளிர்விக்கும் யந்திரத்தைப் பேணும் முறை

நெல்லும் கரும்பும் பருவத்திற்கு ஒரு முறை பணம் தருவன. பாலோ காலையும் மாலையும் வருவாய் தருவது. ஆகவேதான் நமது கிராமங்களில் சிறு நிலம் உடையவரும் நிலமே இல்லாதவரும் கறவை மாட்டை நம்பி வாழ்கின்றனர். பால்வளத்தைப் பெருக்கும் பொருட்டு நமது மாநிலத்தில் 1958-ஆம் ஆண்டில் தனித் துறை ஏற்படுத்தப்பட்டது. 1981-ஆம் ஆண்டில் மாநில அளவில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு இணையம் அமைந்தது. பாலைக் கேன்களில் நிரப்பி, வெயிலில் நெடுந்தூரம் அனுப்பிய நிலை மாறி, இன்று பல ஊர்களில் தொகுப்புப் பால் குளிர்விப்பான் நிறுவப்பட்டுள்ளது. மக்கள் இதனைப் 'பல்க் கூலர்' என்று அழைக்கின்றனர்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. கூடவே ஒரு பொறுப்பும் வந்துள்ளது. முன்பு ஒரு கேனில் பால் கெட்டால் நஷ்டம் அக்கேனோடு முடிந்தது. இப்போது ஊரார் அனைவரது பாலும் ஒரே தொட்டியில் கலக்கிறது. யந்திரம் ஓர் இரவு தவறினால், ஒழுங்காகப் பால் கறந்து கொடுத்தவரும் சேர்ந்தே இழக்க நேரிடும். ஆதலின் இந்த யந்திரத்தைப் பேணும் முறையைச் சங்க ஊழியர் மட்டுமன்றிப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

குளிர்விப்பது எதற்காக?

கறந்த பால் மாட்டின் உடல் உஷ்ணத்தோடு இருக்கிறது. நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு அது மிகவும் ஏற்ற நிலை. அரை மணிக்கு ஒரு முறை அவை இரட்டித்தால், 3 மணி நேரத்தில் 64 மடங்கு ஆகிவிடும். பால் 4 டிகிரி சென்டிகிரேடுக்குக் குளிர்ந்தால் இப்பெருக்கம் மிகவும் மந்தமாகிறது. ஆயினும் நுண்ணுயிர்கள் சாவதில்லை. அசுத்தமான பாலைக் குளிர்விப்பான் சுத்தமாக்கிவிடாது; நல்ல பாலை நல்ல பாலாகவே காத்துவைக்கும், அவ்வளவுதான்.

யந்திரம் செய்யும் வேலை

கிணற்றின் ஆழத்திலிருந்து நீரை மேட்டுக்கு இறைக்கும் பம்பு செட்டை நாம் அறிவோம். குளிர்விப்பானும் அத்தகைய ஓர் இறைப்பு யந்திரமே. அது இறைப்பது நீரையன்று, வெப்பத்தை. தொட்டியின் அடியில் ஓடும் குளிர்வாயு பாலின் வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. கம்ப்ரஸர் அவ்வாயுவை அழுத்திக் கண்டென்ஸர் என்னும் குழாய்ச் சட்டத்திற்கு அனுப்புகிறது. அங்கே விசிறி வீசும் காற்று அவ்வெப்பத்தை வெளியே கொண்டுபோகிறது.

1,000 லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவருவதற்கு அகற்ற வேண்டிய வெப்பம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 400 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கு வேண்டிய வெப்பம் அது. இவ்வளவும் கண்டென்ஸரின் வழியாகவே வெளியேற வேண்டும். அவ்வழி அடைபட்டால் பால் குளிர்வது தாமதமாகும். மின்சாரச் செலவு கூடும். கம்ப்ரஸர் சூடேறித் தானே நின்றுவிடும் அல்லது பழுதாகும்.

வெளிப்புறத் துப்புரவு

கண்டென்ஸரின் மெல்லிய தகடுகளுக்கிடையே வைக்கோல் தூசு, தவிட்டுப் பொடி, கோழி இறகு, சிலந்தி வலை ஆகியவை படிகின்றன. வாரம் ஒரு முறை இதனைப் பார்வையிட வேண்டும். அறுவடைக் காலத்திலும் காற்றடிக் காலத்திலும் இன்னும் அடிக்கடி பார்ப்பது நலம்.

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். பின்பு மென்மையான தூரிகையால் தகடுகள் போகும் திசையிலேயே தூசைத் தட்ட வேண்டும். குறுக்காகத் தேய்த்தால் தகடுகள் வளைந்து காற்று வழியை அடைத்துவிடும். காற்று ஊதும் கருவி இருந்தால், விசிறிக் காற்று செல்லும் திசைக்கு எதிராக ஊத வேண்டும். இல்லையேல் தூசு இன்னும் உள்ளே போய்விடும். மோட்டாரிலும் மின்சாரப் பெட்டியிலும் தண்ணீர் படலாகாது. கண்டென்ஸருக்கு எதிரே காலிக் கேன்களையும் தீவன மூட்டைகளையும் அடுக்கி வைத்தலும் தவறு.

உட்புறத் துப்புரவு

டேங்கர் லாரி பாலை எடுத்துச் சென்றவுடன், தொட்டி உலர்வதற்கு முன்பே துப்புரவு தொடங்க வேண்டும். குளிர்விக்கும் யந்திரத்தையும் கலக்கியையும் முதலில் நிறுத்த வேண்டும். பின்பு பச்சைத் தண்ணீரால் அலச வேண்டும். தொடக்கத்திலேயே கொதிநீரை ஊற்றினால் பாலின் புரதம் எஃகுச் சுவரில் ஒட்டிப் படிந்துவிடும். அலசிய பிறகு, கை பொறுக்கும் வெந்நீரில் காரத் துப்புரவுத் தூளைக் கரைத்து, நைலான் தூரிகையால் தேய்த்து, நல்ல நீரால் மீண்டும் அலச வேண்டும். கம்பி நாரால் தேய்த்தால் சுவரில் கீறல் விழும். அந்தக் கீறலே நுண்ணுயிர்களுக்குக் குடியிருப்பாகும்.

கலக்கியின் அடிப்பக்கம், மூடியின் ரப்பர் விளிம்பு, அளவுக் கோல், பால் வெளியேறும் வால்வு ஆகியவை கண்ணுக்கு மறைவான இடங்கள். வால்வைக் கழற்றிக் கழுவாத தொட்டி கழுவிய தொட்டி ஆகாது.

நாளடைவில் சுவரில் வெண்மையாகப் படியும் பாற்கல்லைக் காரம் நீக்காது. அதற்கென உள்ள அமிலக் கரைசலை, அதன் உறையில் கண்ட அளவுப்படி, வாரம் ஒரு முறை உபயோகிக்கலாம். அமிலத்தையும் குளோரின் மருந்தையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்கலாகாது. சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும்.

யந்திரம் சொல்லும் செய்தி

யந்திரம் பழுதாவதற்கு முன்பே பெரும்பாலும் அறிகுறி காட்டுகிறது. அதனை அறிவதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் கடிகாரமும் போதும். ஒவ்வொரு வேளையும் பாலின் அளவு, குளிர்விக்கத் தொடங்கிய நேரம், 4 டிகிரியை எட்டிய நேரம் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். துப்புரவான நிலையில் 800 லிட்டர் பால் குளிர 2 மணி 30 நிமிடம் ஆனதாகக் கொள்வோம். சில வாரங்கள் சென்றபின், அதே அளவு பாலுக்கு, வெயிலும் அதே போல் இருக்க, 3 மணி 10 நிமிடம் ஆகிறதென்றால் ஏதோ தடை நேர்ந்திருக்கிறது. முதலில் கண்டென்ஸரையும் விசிறியையும் பாருங்கள்; அடுத்து மின்னழுத்தத்தைப் பாருங்கள். இவை சரியாக இருந்தும் தாமதம் நீங்காவிடில் தேர்ந்த மெக்கானிக்கை அழையுங்கள்.

'வருஷா வருஷம் கேஸ் ஏற்ற வேண்டும்' என்று சிலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. குளிர்வாயு மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வருவது; டீசலைப் போல எரிந்து தீர்வதன்று. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு. குழாய் இணைப்பில் எண்ணெய்க் கறை தெரிவது அதற்கோர் அடையாளம். கசிவை அடைக்காமல் வாயு ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு வைப்பதற்கு ஒப்பாகும்.

வேறு இரண்டு செய்திகளையும் நினைவிற் கொள்க. கலக்கியின் இதழ் மூழ்குமளவு பால் சேருமுன் குளிர்விப்பை ஓட்டினால் அடியில் பால் உறைந்து கெடும். மின்சாரம் தடைப்பட்டு வந்தால் கம்ப்ரஸரைச் சுமார் 5 நிமிடம் கழித்தே ஓட்ட வேண்டும். ஜெனரேட்டரை, மின்தடை வரும்வரை காத்திராமல், வாரம் ஒரு முறை ஓட்டிப் பார்த்தல் நலம்.

உறுப்பினர்கள் செய்யத்தக்கவை

குளிர்விப்பு நிலையத்திற்கு நல்ல தண்ணீர், கழிவுநீர் வடிகால், டேங்கர் வந்து திரும்பும் பாதை ஆகியவை அமையப் பஞ்சாயத்து துணைசெய்யலாம். கண்டென்ஸர் உள்ள பக்கம் நிழலாக இருக்கக் கூரையோ மரமோ அமைக்கலாம். காற்று மட்டும் தடைப்படாமல் இருக்க வேண்டும். உழவர்கள் பால் ஊற்ற வரும்போது நேரக் குறிப்பைக் கேட்டுப் பார்ப்பது குற்றம் காண்பதாகாது. தம் உடைமையை மேற்பார்வையிடுவதே ஆகும்.

ஒரு தூரிகை, ஒரு நோட்டுப் புத்தகம், நாள்தோறும் சிறிது நேர உழைப்பு: இவற்றிற்கு ஆகும் செலவு சொற்பம். ஒரு தொட்டிப் பால் திரிந்தால் நேரும் நஷ்டமோ ஊரார் எல்லோருடைய ஒரு நாள் வருவாய். இவ்விரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, உங்கள் ஊர் யந்திரத்தின் நேரக் குறிப்பை இன்றே தொடங்குவீர்களாக.