மீன் தொட்டியிலும் கையிருப்பு வேண்டும்



நம் கடைகள் பலவற்றில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி மீன் தொட்டி இருக்கிறது. சரக்கு கட்டும் வரை வாடிக்கையாளரின் குழந்தை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கணக்கு எழுதி அலுத்த கண்ணுக்கும் அது ஆறுதல். ஆனால் ஒருநாள் காலையில் மீன்கள் செத்து மிதந்தால், "கடைக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த மீன்களை வாங்கி விடுகிறோம். சென்னையில் இருப்பவர்கள் கொளத்தூருக்குப் போய் வருகிறார்கள். செத்ததற்குக் காரணம் பல நேரங்களில் தண்ணீரில்தான் இருக்கிறது. அதை நாங்கள் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

எங்கள் தொட்டியில் தண்ணீர் குறையும்போதெல்லாம், நல்ல தண்ணீர்தானே என்று ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றி வந்தோம். தண்ணீரை மாற்றிய போதும் அதையேதான் நிரப்பினோம். சில மாதங்களில் மீன்கள் சோர்ந்து, இரை எடுக்காமல் ஒதுங்கின. பதறிப்போய், முக்கால் தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டு போர் தண்ணீரை நிரப்பினோம். மறுநாள் கடை திறந்தபோது ஒரு மீன்கூட உயிரோடு இல்லை. வாளியில் மிச்சமிருந்த பழைய தண்ணீரைப் பிறகு சோதித்துப் பார்த்தோம். பி.எச். 5.5, கே.எச். பூஜ்யம். போர் தண்ணீரின் பி.எச். 8. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் இரண்டு தவறுகள் செய்திருந்தோம்.

மூன்று அளவுகள்

பி.எச். என்பது தண்ணீர் அமிலமா, காரமா என்று காட்டும் எண். 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு வித்தியாசம். 7இலிருந்து 5க்கு இறங்கினால் அமிலத்தன்மை நூறு மடங்கு கூடிவிட்டது என்று பொருள்.

ஜி.எச். என்பது பொதுக் கடினத்தன்மை. தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவு. சோப்பு நுரைக்காத தண்ணீரில் இது அதிகம்.

கே.எச். என்பது கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு. தொட்டியில் உண்டாகும் அமிலத்தைத் தாங்கிக்கொள்வது இதுதான். 1 டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம்.

வியாபாரி கண்ணோட்டத்தில் சொன்னால், கே.எச்.தான் நம் கையிருப்பு. தினச் செலவை அது தாங்கும் வரை பி.எச். என்ற விலைப்பலகை அசையாது. கையிருப்பு தீர்ந்த அன்றுதான் சரிவு தெரியும். அதனால்தான் நேற்று வரை நன்றாக இருந்த தொட்டி இன்று கெட்டதுபோல் தோன்றுகிறது.

செலவு எங்கே ஆகிறது?

மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அம்மோனியாவாகின்றன. ஃபில்டரில் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த வேலையில் அமிலம் உண்டாகிறது. 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, சுமார் 7 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரம் செலவாகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி தண்ணீர் உள்ள தொட்டியில் மணலும் கல்லும் போக ஏறத்தாழ 100 லிட்டர் நிற்கும். கே.எச். 4 டிகிரி என்றால் மொத்த இருப்பு சுமார் 7 கிராம். அதாவது 1 கிராம் அம்மோனியா நைட்ரஜன் அவ்வளவையும் தின்றுவிடும். 40 சதவீதம் புரதம் உள்ள தீவனத்தில் பாதி நைட்ரஜன் அம்மோனியாவானால்கூட, அதற்குச் சுமார் 30 கிராம் தீவனம் போதும். நாளுக்கு 1 கிராம் போட்டால் ஒரு மாதத்தில் இருப்பு காலி. இது தோராயக் கணக்குதான். ஆனாலும், மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டி ஏன் அமிலமாகிறது என்பது இதில் விளங்கும். ஆர்.ஓ. தண்ணீரிலும் மழைத் தண்ணீரிலும் கே.எச். மிகமிகக் குறைவு. அவற்றை மட்டுமே ஊற்றினால் வரவு இல்லாமல் செலவு மட்டும் நடக்கும்.

அவசர வைத்தியத்தின் ஆபத்து

பி.எச். 6க்குக் கீழே போனால் அந்தப் பாக்டீரியாக்களின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். அம்மோனியா சேரும். ஆனால் அமிலத் தண்ணீரில் அதன் பெரும்பகுதி அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியமாக இருக்கும். அதில் காரத் தண்ணீரைக் கொட்டினால் அது நஞ்சான அம்மோனியாவாக மாறும். பி.எச். 6இல் இருக்கும் நச்சுப் பங்கைவிட 8இல் இருக்கும் பங்கு 90 மடங்குக்கும் மேல். அமில மாற்றத்தின் அதிர்ச்சியும் கூடச் சேரும். எங்கள் மீன்கள் செத்தது இப்படித்தான்.

இப்படிப்பட்ட தொட்டியைக் கண்டால் முதலில் இரையை நிறுத்துங்கள். காற்று மோட்டாரை ஓடவிடுங்கள். நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றி, பல நாட்களில் மெல்ல மேலே கொண்டு வாருங்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். கடை விடுமுறை நாள் வசதி.

2. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாகப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். தண்ணீர்தான் ஆவியாகும், உப்புகள் தங்கிவிடும். கடினத்தன்மை வட்டிக்கு வட்டிபோல் ஏறும். குறைவதை ஈடுகட்ட ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீர் ஊற்றலாம். வாராந்திர மாற்றத்துக்கு எப்போதும் ஒரே கலவை.

3. புதுத் தண்ணீரை முதல் நாளே பிடித்து, இரவு முழுவதும் காற்றுக் குமிழி விட்டு வையுங்கள். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறிய பிறகுதான் அதன் உண்மையான பி.எச். தெரியும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதுவும் குறையும்.

4. சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி, கே.எச்., பி.எச். இரண்டையும் வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். செடி உள்ள தொட்டியில் பி.எச். காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருக்கும். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டுமே காட்டும், கே.எச். எவ்வளவு என்று சொல்லாது.

5. கே.எச். 3 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் கவனியுங்கள்.

மருந்து நம் கடையிலேயே

கே.எச். குறைந்தால் ஆப்ப சோடா போதும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் ஏறத்தாழ 1 டிகிரி ஏறும். தராசு நம்மிடம் இருக்கிறது, கண்ணளவு வேண்டாம். ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்ற வேண்டும். நாளுக்கு 1 டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. ஏற்கெனவே அமிலமாகிவிட்ட தொட்டியில் அம்மோனியாவைச் சோதித்துக் குறைத்த பிறகே இதைப் போட வேண்டும். சலவை சோடா வேறு, பேக்கிங் பவுடர் வேறு. கடைப் பையன் மாற்றி எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல் உப்பு போட்டால் கடினத்தன்மை கூடும் என்பது தவறு. அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. கழுவிய கிளிஞ்சலை ஒரு சிறு துணிப்பையில் கட்டி ஃபில்டரில் வைத்தால், தண்ணீர் அமிலமாகும்போது அது மெல்லக் கரைந்து ஜி.எச்., கே.எச். இரண்டையும் தரும்.

தண்ணீருக்கு ஏற்ற மீன்

சரக்கைப் பார்த்து வாடிக்கையாளரைத் தேடாமல், ஊருக்கு ஏற்ற சரக்கைத்தானே வைக்கிறோம்! உங்கள் போர் தண்ணீர் கடினமானது என்றால் கப்பி, மோலி, பிளாட்டி போன்றவை அதில் செழிக்கும். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசான் பகுதியின் மென்மையான தண்ணீரைச் சேர்ந்தவை. அவற்றுக்காக நாள்தோறும் மருந்து ஊற்றி பி.எச்.ஐ இழுப்பது மீனுக்கும் துன்பம், நமக்கும் செலவு. பெரும்பாலான வளர்ப்பு மீன்கள் சற்று முன்பின்னான எண்ணுக்குப் பழகிக்கொள்ளும். திடீர் ஏற்ற இறக்கத்தைத்தான் அவற்றால் தாங்க முடிவதில்லை.

எங்கள் தொட்டியில் இப்போது மோலிகள் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. கல்லாக் கணக்கு எழுதும் அதே கையால் வாரம் ஒரு வரி அதிலும் எழுதுகிறோம். வாய் பேசாத உயிர்களை நம் பொறுப்பில் வைத்திருக்கிறோம். இருப்பு குறைகிறது என்று அவை நம்மிடம் சொல்ல மாட்டா. நாம்தான் பார்க்க வேண்டும்.