மூச்சுக்கு உதவும் பகுதியைக் காக்கும் கதிர்வீச்சுத் திட்டம்: முழுமையான வழிகாட்டி

நுரையீரல் புற்றுநோய்க்கோ உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கோ கதிர்வீச்சு கொடுக்கும்போது, கட்டியைச் சுற்றியுள்ள நல்ல நுரையீரலிலும் கொஞ்சம் கதிர் படும். அதனால் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் சிலருக்கு வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் வருகின்றன. இதன் பெயர் ரேடியேஷன் நியூமோனைட்டிஸ். பல வருடம் புகைபிடித்து நுரையீரல் ஏற்கெனவே பழுதானவருக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். நுரையீரலில் எந்த இடம் நன்றாக வேலை செய்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், கதிரை அதற்கேற்பத் திருப்பலாம்.

படி 1: ஊதிப் பார்க்கும் சோதனை

முதலில் ஸ்பைரோமெட்ரி. நுரையீரல் மொத்தமாக எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அது சொல்லும். எந்த இடத்தில் என்று சொல்லாது. கட்டி ஒரு மூச்சுக்குழாயை அடைத்திருந்தால் அதற்கு அப்பாலுள்ள பகுதிக்குக் காற்று போகாது. ரத்தக்குழாயை அழுத்தினால் ரத்த ஓட்டம் குறையும். அந்த இடங்களைக் கண்டுபிடிக்கத்தான் படம் தேவைப்படுகிறது.

படி 2: வேலையைப் படமெடுத்தல்

பழைய முறை, அணு மருத்துவப் பிரிவில் எடுக்கும் ஸ்பெக்ட் ஸ்கேன். டெக்னீசியம்-99எம் சேர்த்த புரதத் துகள்களைக் கை ரத்தக்குழாயில் ஊசியாகப் போடுவார்கள். ரத்தம் நன்றாகப் பாயும் இடங்களில் அவை அதிகம் தங்கும். காமா கேமரா அதைப் பதிவு செய்யும். காற்று போகும் இடத்தை செனான்-129 வாயுவைச் சுவாசிக்க வைத்து எம்ஆர்ஐயிலும் பார்க்கலாம். 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு ஒப்புதல் தந்தது. ஆனால் இந்த வசதி உள்ள மருத்துவமனைகள் குறைவு.

நம் ஊர்களுக்கு எனக்கு அதிக நம்பிக்கை தருவது 4டி சிடி. சிகிச்சைத் திட்டத்துக்காக பல மையங்களில் இதை எப்படியும் எடுக்கிறார்கள். தனி ஊசியோ தனி ஸ்கேனோ வேண்டாம். ஒரு மூச்சின் ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் 10 கட்டங்களாகப் பிரித்துப் படமாக்குவார்கள். மூச்சை இழுத்த படத்தையும் விட்ட படத்தையும் கணினி புள்ளிக்குப் புள்ளி பொருத்தி, எந்த இடம் எவ்வளவு விரிந்தது, அங்கே அடர்த்தி எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடும். சிடி அளவுகோலில் தண்ணீர் 0, காற்று -1000. காற்று புகுந்த இடத்தின் எண் கீழே இறங்கும். மூச்சு சீராக இல்லாவிட்டால் படம் சிதறிவிடும். ஆகவே ஸ்கேனின்போது நிதானமாக மூச்சு விடுங்கள்; இருமல் வந்தால் டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

படி 3: திட்டத்தில் சேர்த்தல்

வழக்கமான திட்டத்தில் 20 கிரே (கதிர் அளவின் அலகு) அல்லது அதற்கு மேல் வாங்கும் நுரையீரல் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சராசரி அளவு 20 கிரேக்குள் இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். இந்தக் கணக்கில் செயலிழந்த பகுதியும் நன்றாக இயங்கும் பகுதியும் ஒன்றுதான். செயல்பாட்டுப் படம் இருந்தால் இயங்கும் பகுதிக்கு மட்டும் தனியாகக் கணக்குப் போட்டு, கதிர் நுழையும் கோணங்களை மாற்றலாம்.

இதில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை இரண்டு. கட்டிக்கான அளவு குறையக் கூடாது. மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுநோய்க்கு அது பெரும்பாலும் 30 அமர்வுகளில் 60 கிரே. அடுத்து, நுரையீரலிலிருந்து தள்ளிய கதிர் இதயத்தின் மேல் விழக் கூடாது. இதயத்துக்கு அதிகக் கதிர் போனவர்களின் ஆயுள் குறைவாக இருந்ததை 2015இல் வெளியான ஆர்டிஓஜி 0617 ஆய்வு காட்டியது.

யாருக்குப் பயன்?

நுரையீரலின் சில பகுதிகள் மட்டும் பழுதானவர்களுக்கு. எல்லா இடமும் ஒரே மாதிரி இயங்கினால் ஒதுங்கிப் போக இடமில்லை. அமெரிக்காவில் 67 பேரிடம் 4டி சிடி முறையைச் சோதித்தபோது, சிகிச்சை தேவைப்படும் அளவு நியூமோனைட்டிஸ் சுமார் 15 சதவீதம் பேருக்கு வந்தது. வழக்கமான சிகிச்சையில் முன்பு கண்ட அளவைவிட இது குறைவு. ஆனால் ஒப்பிட வேறு குழு அதில் இல்லை. அதனால் இது இன்னும் எல்லோருக்குமான வழக்கமாகவில்லை.

எந்தத் திட்டத்தில் சிகிச்சை எடுத்தாலும், முடிந்த ஆறு மாதங்களுக்குள் புதிதாக வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் சளி என்று விட்டுவிடாதீர்கள். உடனே உங்கள் கதிர்வீச்சு மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை உரிய நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் கட்டுப்படும்.