சாயக் கழிவுநீர் நிலையமும் கசடுப் பம்பும்

சாயம் தோய்த்த நீர் எங்கே போகிறது என்னும் கேள்வி நெசவாளருக்கும் விவசாயிக்கும் பொதுவானது. கண்மாயையும் கிணற்றையும் கல்லணைக் கால்வாயின் கடைமடையையும் நம்பியுள்ள நமது புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நொய்யல் நதியில் 1992-ல் பாசனத்திற்கென ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவு அதிலே தேங்கவே, அந்நீர் வேண்டாமென்று விவசாயிகளே கூறும் நிலை வந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ல் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாது சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடே பின்னர் அத்தொழிலுக்கு வழியாயிற்று.

இத்தகைய பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பலரும் கவனியாத உறுப்பு ஒன்றுண்டு. அதுவே கசடுப் பம்பு. தொட்டியின் அடியில் படியும் கசடை அது முறையாக இறைத்துப் பிழியும் இயந்திரத்திற்கு அனுப்ப வேண்டும். பம்பு நின்றால் கசடு மேலேறித் தெளிந்த நீருடன் வழியும். அடுத்துள்ள சவ்வு வடிகட்டிகளையும் அடைக்கும்.

அடிக்கடி பழுதாகும் பம்பை எடுத்துவிட்டு அதே வகையில் புதியதை வாங்கும் வழக்கம் வீண் செலவேயாகும். முதலில் காரணத்தை ஆராய வேண்டும். சாதாரணத் தண்ணீர்ப் பம்பின் சுழல் தகடுகளில் பஞ்சும் நூற்கழிவும் சுற்றிக்கொள்ளும். ஈர இழை முறுக்கேறினால் என்னவாகும் என்பதை நெசவாளர் அறிவர்! நீர்த்த கசடாயின், சுழல் தகடு பின்னே ஒதுங்கியுள்ள சுழிப் பம்பு ஏற்றது. இழை எளிதில் சிக்காது. மின்சாரம் சற்று அதிகம் பிடிக்கும், அதனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கெட்டியான கசடுக்குத் திருகுப் பம்பே தகும். 1930-ஆம் ஆண்டளவில் மொய்னோ என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட அமைப்பு இது. ரப்பர் உறைக்குள் எஃகுத் திருகு சுழன்று கசடைத் தள்ளும். ஆயினும் கசடின்றி வறட்டு ஓட்டமாகச் சில நிமிடம் ஓடினாலே ரப்பர் கருகிவிடும். ஆகவே, கசடு வராதபோது மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி இன்றியமையாதது. மணலும் சுண்ணாம்பும் ரப்பரைத் தேய்ப்பதால், சிறிய பம்பை வேகமாக ஓட்டுவதினும் பெரிய பம்பை மெதுவாக ஓட்டுவதே சிக்கனம்.

சில வேளை குற்றம் பம்பினுடையதன்று, உறிஞ்சு குழாயினுடையது. குழாய் ஒடுங்கியும் வளைந்தும் நீண்டும் இருந்தால், இரவில் இறுகிய கசடு காலையில் அசையாது. தொட்டியின் நீர்மட்டத்திற்குக் கீழே பம்பை அமைத்து, நிறுத்துமுன் குழாயை நீரால் அலச வேண்டும்.

குறைந்த விலைப்புள்ளியை ஏற்பதோடு கமிட்டியின் கடமை தீர்ந்துவிடாது. கணக்கைப் பார்க்கும் என் போன்றோர்க்கு வாங்கிய விலை ஒரு வரிதான்; ரப்பர் உறை மாற்றியது, மின்கட்டணம், பட்டறை நின்ற நாட்கள் ஆகியவை வேறு வரிகளில் வந்து சேர்கின்றன. ஆர்டர் கொடுக்குமுன் ஒரு கிலோ கசடை உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். 30 கிராம் மிஞ்சினால் கெட்டித்தன்மை நூற்றுக்கு மூன்று. வெவ்வேறு நாட்களில் இவ்வாறு கண்ட அளவுகளை விற்பனையாளரிடம் எழுத்தில் கொடுத்து, அதற்கேற்ற பம்பைக் கேட்க வேண்டும்.

இரு பம்புகளையும் ஒரே நாளில் கழற்றலாகாது. புதியது சில வாரம் ஓடித் தேறும்வரை பழையதில் ஒன்று தயாராக இருக்கட்டும். மாற்று ரப்பர் உறையும் கையிருப்பில் வேண்டும். கழற்றும் நாளைப் பட்டறைகளுக்கு முன்னரே அறிவித்து, அன்று சாயம் தோய்ப்பதைக் குறைத்துக்கொள்ளச் செய்தல் நலம்.