எட்டு உயிரணுக்களின் பயணம்

மலாய்மொழியில் 'லண்டாக் லாவுட்' எனப்படும் கடல் முள்ளெலியை நம்மில் பலர் பாறையிடுக்குகளில் கண்டிருப்போம். அதன் முட்களுக்கு அஞ்சி ஒதுங்கியும் இருப்போம். ஆனால், கருவியல் அறிஞர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக இவ்வுயிரியை நாடியே சென்றுள்ளனர். விந்தணுவின் உட்கரு முட்டையின் உட்கருவோடு இணைவதை ஆஸ்கார் ஹெர்ட்விக் 1876இல் விளக்கியது கடல் முள்ளெலியை ஆராய்ந்துதான். அதன் கரு தெளிவானது. உள்ளே நடப்பதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம்.

ஓர் உடலில் இருவகை உயிரணுக்கள் உண்டு. ஒருவகை உடலோடு மடிந்துவிடும். மற்றது முட்டையாகவோ விந்தாகவோ மாறி அடுத்த தலைமுறைக்குச் செல்லும். இந்த வேறுபாட்டை ஆகஸ்ட் வைஸ்மன் 1892இல் நூலாகவே எழுதினார். அப்படியாயின், இன உயிரணுக்கள் கருவில் எப்போது தனியே பிரிகின்றன? வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் ஊதாநிறக் கடல் முள்ளெலியைக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

பிறப்பு

கருவுற்ற முட்டை மூன்று முறை பிரிந்து எட்டு உயிரணுக்களாகிறது. நான்காம் பிரிவில், கீழ்ப்பகுதியிலுள்ள நான்கும் சமமின்றிப் பிரிகின்றன. அதனால் அடிமுனையில் நான்கு மிகச் சிறிய உயிரணுக்கள் தோன்றுகின்றன. இவையே மைக்ரோமியர்கள். ஐந்தாம் பிரிவில் இவை மீண்டும் சமமின்றிப் பிரிகின்றன. பெரிய நான்கின் வழித்தோன்றல்கள் லார்வாவின் எலும்புச்சட்டத்தை அமைக்கின்றன. சிறிய நான்கும் இன உயிரணுக்களின் மூலமாகின்றன. அவை இன்னும் ஒரே ஒருமுறை பிரிந்து எட்டாகி, பிறகு பிரியாமல் அமைதியாகிவிடுகின்றன. சுற்றியுள்ள உயிரணுக்களோ நூற்றுக்கணக்கில் பெருகிக்கொண்டிருக்கும்.

இவ்வமைதிக்கு 'நானோஸ்' எனும் புரதம் ஒரு காரணம். தூது ஆர்.என்.ஏ.க்களைச் சிதைக்கும் நொதி ஒன்று உருவாகாமல் அது தடுக்கிறது. ஆகவே, தாய் முட்டையில் வைத்துச் சென்ற செய்திகள் இவ்வெட்டில் மட்டும் நெடுநேரம் அழியாதிருக்கின்றன.

பயணம்

கருவின் அடிப்பகுதி உள்மடிந்து மூலக்குடலாக நீளும்போது, இவை அதன் நுனியில் அமர்ந்து மேலே செல்கின்றன. ஏறக்குறைய படகில் செல்லும் பயணிகளைப் போல! நுனியை அடைந்தபின் தாமே மெல்லிய இழைகளை நீட்டி நகர்ந்து, இடமும் வலமும் உள்ள உடற்குழிப் பைகளுள் புகுகின்றன. பொதுவாக இடப்பக்கம் ஐந்தும் வலப்பக்கம் மூன்றும் சேரும். முதிர்ந்த கடல் முள்ளெலியின் உடல் லார்வாவின் இடப்பக்கத்திலேயே உருவாகிறது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். நானோஸ் உருவாவதைத் தடுத்தால், இவ்வுயிரணுக்கள் அப்பைகளில் இடம்பெறுவதில்லை.

இரு சோதனைகள்

1996இல் வெளியான ஆய்வொன்றில், பதினாறு உயிரணு நிலையில் நான்கு மைக்ரோமியர்களும் அகற்றப்பட்டன. அக்கருக்கள் வளர்ந்து, இனப்பெருக்கத் திறனுள்ள முதிர் உயிரிகளாயின. எனவே, மைக்ரோமியர்களுக்கும் இன உயிரணுக்களுக்கும் தொடர்பில்லை. அவை பிற்காலத்தில்தான் பிரிகின்றன என்று கருத இடமிருந்தது.

2011இல் மாமிக்கோ யாஜிமாவும் கேரி வெசலும் ஒரு பிரிவு தள்ளி, சிறிய நான்கை மட்டும் அகற்றினர். லார்வாக்கள் நலமாக வளர்ந்து உருமாறின. ஆனால், முதிர்ந்தபின் அவற்றில் முட்டையும் இல்லை, விந்தும் இல்லை! மாறாக, மைக்ரோமியர்களை முழுமையாக அகற்றிய கருக்களில், எஞ்சிய உயிரணுக்கள் இன உயிரணுக்களுக்குரிய 'வாசா' புரதத்தைப் பெருக்கிக்கொண்டு இழப்பை ஈடுசெய்தன.

ஆக, 1996ஆம் ஆண்டுச் சோதனை பொய்க்கவில்லை. அதிலிருந்து பெறத் தோன்றிய முடிவே அவசரமானது. ஒன்றை நீக்கியபின்னும் உயிரி நலமாயிருந்தால், அந்த ஒன்று தேவையற்றது என்று பொருளாகாது. அதன் பணியை வேறொன்று ஏற்றிருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் நிற்கும் ஒவ்வொரு மாணவரும் மனத்திலிருத்த வேண்டிய பாடம் இது.